1.08 வோல்ட்

“பகல் பூரா கண்ணைச் சிமிட்டிக்கிட்டேதான் சார் இருக்கு. நல்லாத்தான் ஓடுது” என்றார் எஸ்டேட் வாட்ச்மேன்.

அதை நான் அப்போது காதில் வாங்கவில்லை. 2021 ஆகஸ்ட். வால்பாறைக்கு மேலே ஒரு தேயிலைச் சரிவு. விடாத தூறல். குடையைத் தோளுக்கும் கழுத்துக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு பெட்டியைத் திறந்து மீட்டர் வைத்தேன். 1.08 வோல்ட். அப்போது காலை பத்து மணி. கீழே ஆபீஸில் டீ குடித்துவிட்டு, காலில் ஏறியிருந்த அட்டைகளை உப்புப் போட்டு உதிர்த்துவிட்டு, மதியம் இரண்டு மணிக்கு மறுபடி வந்து பார்த்தேன். அதே 1.08. நான்கு மணி நேரம் சோலார் பேனல் மேல் வெளிச்சம் விழுந்திருக்கிறது. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

முப்பது வருஷமாக ரேடியோ, டி.வி., ஸ்டெபிலைசர், யு.பி.எஸ். என்று கைக்கு வந்ததையெல்லாம் பழுது பார்த்திருக்கிறேன். செத்துப்போன சர்க்யூட்டைத் தெரியும், கருகிப்போன சர்க்யூட்டைத் தெரியும், தட்டினால் ஓடித் தட்டினால் நிற்கும் சர்க்யூட்டையும் தெரியும். இப்படி உயிருக்கும் சாவுக்கும் நடுவில் ஒரே எண்ணில் நின்றுவிட்டதை அதுவரை பார்த்ததில்லை.

பெட்டி ஒரு மழைமானியினுடையது. புனலில் விழும் மழை ஒரு சின்னக் கிண்ணத்தை நிரப்பும். 0.2 மில்லிமீட்டர் மழைக்கு ஒருமுறை அது சீசா மாதிரிக் கவிழும், அடுத்த கிண்ணம் மேலே வரும். ஒவ்வொரு கவிழ்ப்புக்கும் ஒரு காந்தம் ரீட் சுவிட்சைக் கடந்து போகும். போர்டு அதை எண்ணி வைத்துக்கொண்டு, 15 நிமிஷத்துக்கு ஒருமுறை ஒரு சின்ன எல்.இ.டி.யை மின்ன விட்டு, ரேடியோவில் கணக்கை எஸ்டேட் ஆபீஸுக்கு அனுப்பும். மீதி நேரமெல்லாம் தூங்கும். ஓர் ஆய்வாளர் கேட்டதால் நான் செய்து கொடுத்தது. தமிழ்நாட்டில் மழை மிக அதிகமாகக் கொட்டும் சின்னக்கல்லார் இந்த மலைத்தொடரில்தான் இருக்கிறது. அங்கே மழையை அளப்பதற்கு அர்த்தம் இருக்கிறது.

முதலில் 12 வோல்ட், 7 ஆம்பியர் ஹவர் லெட் ஆசிட் பேட்டரிதான் வைத்திருந்தேன். கோவையில் அது மூன்று நான்கு வருஷம் உழைக்கும். இங்கே இரண்டாவது மழைக்காலத்தைத் தாண்டவில்லை. ஜூனில் தென்மேற்குப் பருவமழை இறங்கினால் செப்டம்பர் வரை மூடுபனியும் சாரலும்தான். பேட்டரி அரை வயிற்றோடேயே கிடக்கும். அப்படி வாரக்கணக்கில் கிடந்தால் தகடுகளில் சல்பேட் கெட்டிப்பட்டுவிடும். அப்புறம் ஜனவரி வெயில் எவ்வளவு அடித்தாலும் அது கரைவதில்லை. ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவு ஏறி, அங்கிருந்து சரிவில் நடந்து, வருஷா வருஷம் புது பேட்டரியைச் சுமப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அதனால்தான் சூப்பர் கெபாசிட்டரைப் பற்றி யோசித்தேன்.

கெபாசிட்டரைப் பாடப்புத்தகம் மின்தேக்கி என்கிறது. என் வயதுக்காரர்கள் பட்டறையில் இன்னும் கன்டென்சர் என்றுதான் சொல்கிறோம். அதில் இந்த சூப்பர் ரகத்தை முதலில் பார்த்தது 90களில், ஒரு வி.சி.ஆருக்குள். ரூபாய் நாணயம் போலச் சின்னதாக ஒன்று, மேலே 5.5 வோல்ட், 0.1 ஃபாரட் என்று அச்சடித்திருந்தது. கரண்ட் போனாலும் கடிகாரம் மறக்காமல் இருப்பதற்காக வைத்தது. மைக்ரோ என்ற எழுத்து விடுபட்டிருக்கிறது என்றே நினைத்தேன். அதுவரை நான் தொட்ட பெரிய கன்டென்சர் ஆம்பிளிஃபயர் சப்ளையில் வரும் 10,000 மைக்ரோஃபாரட், கைப்பிடிக்குள் அடங்காது. இந்த நாணயம் அதைப் போலப் பத்து மடங்கு! அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக்கைச் சேர்ந்த பெக்கர் என்பவர் 1957லேயே இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார் என்பதும், ஜப்பானின் என்.இ.சி. எழுபதுகளில் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது என்பதும் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டவை.

இப்போது 2.7 வோல்ட், 100 ஃபாரட் சரக்கு நடுத்தர டார்ச் செல்லைவிடச் சற்றுச் சின்னதாகக் கிடைக்கிறது. பேட்டரியில் நடப்பது போன்ற வேதிவினை இதற்குள் இல்லை. அயனிகள் கரியின் மேற்பரப்பில் போய் நிற்கின்றன, கூப்பிட்டால் திரும்பி வருகின்றன. லட்சக்கணக்கான தடவை நிரப்பிக் காலி செய்தாலும் தாங்குவது அதனால்தான். அரைகுறையாகக் கிடந்தாலும் கெட்டுப்போவதில்லை. உள்ளே இருக்கும் கரி நுண்துளைகள் நிறைந்தது, ஒரு கிராமில் ஆயிரம் சதுர மீட்டருக்கு மேல் பரப்பு. அந்தக் கரிக்கு நல்ல மூலப்பொருள்களில் ஒன்று தேங்காய்த் தொட்டி. மற்ற ஊர்க்காரர்கள் சிரட்டை, கொட்டாங்குச்சி என்பார்கள். மலையேறப் பொள்ளாச்சியைத் தாண்டும்போது தொட்டிகள் மலைபோலக் குவிந்திருப்பதைப் பார்க்காமல் போக முடியாது. சின்ன வயதில் அதை அடுப்பெரிக்கும் பொருளாகத்தான் தெரியும். இன்று என் பெட்டிக்குள் இருப்பதும் அந்த வகைக் கரிதான் என்ற எண்ணம் எனக்கு ஒவ்வொரு பயணத்திலும் சந்தோஷம் தருகிறது.

ஆனால் கொள்ளளவு என்று பார்த்தால் இது பரம ஏழை. இரண்டை வரிசையில் இணைத்தால் 50 ஃபாரட். 5 வோல்ட் வரை ஏற்றினால் 625 ஜூல். பழைய லெட் ஆசிட் பேட்டரியில் மூன்று லட்சம் ஜூல் இருந்தது. அதோடு, பேட்டரி தீரும்வரை ஏறக்குறைய ஒரே வோல்டேஜைக் காட்டிக்கொண்டிருக்கும். இது மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி மாதிரி. மட்டம் இறங்க இறங்கக் குழாயில் வேகமும் இறங்கும். வோல்டேஜ் பாதியாகும்போது உள்ளே இருந்த சக்தியில் முக்கால் பங்கு போயிருக்கும். இதை வைத்துக் குடித்தனம் நடத்துகிறவன் பைசாக் கணக்குப் பார்க்க வேண்டும்.

கணக்கு போட்டுத்தான் இறங்கினேன். போர்டு சராசரியாக அரை மில்லி ஆம்பியர் எடுக்கும். 5 வோல்ட்டிலிருந்து 2.5 வரை இறங்க, வெளிச்சமே இல்லாவிட்டாலும், மூன்று நாளுக்குச் சற்றுக் குறைவாகத் தாங்கும். பேனல் 6 வோல்ட், 1 வாட். வெயிலில் 180 மில்லி ஆம்பியர் தரும், 23 நிமிஷத்தில் நிரம்பிவிடும். மூடுபனியில் வெயிலின் இருபதில் ஒரு பங்கு வந்தால்கூட ஒரு பகலில் நிரம்பும். காகிதத்தில் எந்தக் குறையும் இல்லை.

பட்டறையில் முதலில் தகராறு செய்தது சார்ஜர் மாடியூல். லித்தியம் செல்லுக்கான டிபி4056 போர்டு ஒன்றை நடுவில் வைத்தேன். வெறுமையாக இருக்கும் கன்டென்சர் அந்த சிப்பின் கண்ணுக்கு அடிபட்டுப்போன லித்தியம் செல்லாகத் தெரிகிறது. 2.9 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் அது பத்தில் ஒரு பங்கு கரண்ட்தான் விடும். லித்தியம் செல்லுக்கு அது நல்ல ஜாக்கிரதை, இங்கே வெறும் காலவிரயம். வேறு ஒரு டி.சி. கன்வெர்ட்டரை வைத்தால் கன்டென்சரை ஷார்ட் என்று எண்ணி நின்று நின்று துவங்கியது. கடைசியில் நடுவில் இருந்த எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டேன். சோலார் பேனலுக்கு ஷார்ட் ஒரு குற்றமே இல்லை. இரண்டு முனையையும் சேர்த்து முறுக்கினாலும் 180 மில்லி ஆம்பியருக்கு மேல் அது தரப்போவதில்லை, கெடப்போவதும் இல்லை. காலிக் கன்டென்சரைச் சார்ஜ் செய்ய அதைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது. பேனல், ஒரு 1என்5819 ஷாட்கி டையோடு, கன்டென்சர், 5 வோல்ட்டுக்கு மேல் வரும் கரண்டைத் தன் வழியே திருப்பிவிடும் ஒரு டிரான்சிஸ்டர். அவ்வளவுதான் சார்ஜர். டையோடு இல்லாவிட்டால் ராத்திரியில் கன்டென்சர் இருட்டிலிருக்கும் பேனலுக்குள் திரும்ப வடிந்துவிடும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், புதிதாக இதைத் தொடுகிற எல்லாரும் இதில் ஏமாறுகிறார்கள். 5 வோல்ட் ஏற்றிவிட்டு, லோடே இல்லாமல் தனியாக வைத்தேன். ஒரு மணி நேரத்தில் 4.8. லீக்கேஜ், சரக்கு மட்டம் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போயிருப்பேன். தொட்டிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றினால் முதலில் மேலே தேங்கி நிற்கும், பிறகு மெல்ல மண்ணுக்குள் இறங்கும் அல்லவா? தண்ணீர் எங்கும் ஒழுகவில்லை, உள்ளே போயிருக்கிறது. கரியின் ஆழமான துளைகளுக்குள் அயனிகள் போய்ச் சேர நேரம் பிடிக்கிறது. நிஜமான லீக்கேஜைப் பார்க்க வேண்டுமானால் மூன்று நாள் அதே வோல்டேஜில் பிடித்து வைத்துவிட்டு அப்புறம்தான் அளக்க வேண்டும். அப்படி அளந்தபோது சரக்கு நன்றாகவே இருந்தது.

2021 பிப்ரவரியில் மாட்டினோம். மே வரை ஒரு குறையும் இல்லை. ஜூலையில் விடியற்காலைக் கணக்குகள் விட்டுப்போக ஆரம்பித்தன.

போய்ப் பார்த்தால் பேனலின் ஒரு மூலையில் சில்வர் ஓக் இலை ஒன்று மழையில் நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தது. தேயிலைக்கு நிழலுக்காக வைத்த மரம். ஓர் இலைதானே என்று நினைக்கக் கூடாது. பேனலில் பன்னிரண்டு செல்கள் சங்கிலி போல ஒன்றன்பின் ஒன்றாக இணைந்திருக்கின்றன. ஒரு செல் மூடினால் அந்தச் செல் விடுகிற அளவு கரண்ட்தான் மொத்தச் சங்கிலியிலும் ஓடும். மேகம் சற்று விலகிய நேரத்தில் அளந்தேன். இலையோடு 11 மில்லி ஆம்பியர், எடுத்த பின் 60. பேனலை இன்னும் செங்குத்தாகச் சாய்த்து, வழுக்கி விழட்டும் என்று வைத்துவிட்டு, வேலை முடிந்தது என்று இறங்கிவிட்டேன்.

அது நிஜமான பழுது. ஆனால் நான் தேடிப் போன பழுது அதுவல்ல. ஒன்று கையில் கிடைத்ததும் தேடுவதை நிறுத்தினேன். பழுது பார்க்கிறவனுக்கு இதைவிடப் பெரிய ஆபத்து வேறில்லை என்று நான் நம்புகிறேன், ஏனென்றால் கண்டுபிடித்தது பொய்யாக இருந்தால் உடனே தெரிந்துவிடும். உண்மையாக இருந்துவிட்டால் மனது சமாதானமாகிவிடுகிறது. அடுத்த மாதம் 1.08ல் நிற்கும் பெட்டியை இறக்கிக்கொண்டு, மழையில் 40 வளைவையும் இறங்கினேன். கிளம்பும் முன் ஒன்று மட்டும் செய்திருந்தேன். பேனலைக் கழற்றி நேரே மீட்டரில் ஷார்ட் செய்து பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டேன். மதியம் இரண்டு மணி, மூடுபனி, 8 மில்லி ஆம்பியர். அந்த ஒரு வரிதான் பின்னால் எல்லாவற்றையும் காப்பாற்றியது.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் எந்த செட் வந்தாலும் “மொதல்ல சப்ளையப் பாரு” என்பார். கோவைக்கு வந்ததும் நானும் அதைத்தான் செய்தேன். பெஞ்ச் பவர் சப்ளையில் 5 வோல்ட் வைத்துக் கொடுத்தேன். போர்டு உடனே எழுந்தது, எண்ணியது, அனுப்பியது, தூங்கியது. வெயிலில் பேனலோடு வைத்தேன். அரை மணிக்குள் நிரம்பி ஓடியது. பழுதே இல்லை!

அப்படியானால் ராத்திரியில் எவ்வளவு போகிறது என்று பார்ப்போம் என்று இறங்கினேன். மீட்டரை மைக்ரோ ஆம்பியர் ரேஞ்சில் வரிசையில் போட்டால் போர்டு ரீசெட் ஆகிறது. அந்த ரேஞ்சில் மீட்டருக்குள்ளேயே பெரிய ரெசிஸ்டர் இருக்கிறது. ரேடியோ விழித்து ஒரு மடக்கு கரண்ட் கேட்டதும் வோல்டேஜ் மீட்டரிலேயே விழுந்துவிடுகிறது. அளக்கப் போன கருவியே பழுதை உண்டாக்கினால் என்ன செய்வது? மீட்டரை எடுத்துவிட்டேன். கையில் 50 ஃபாரட் இருக்கும்போது அதுவே மீட்டர். அரை மில்லி ஆம்பியர் ஒரு மணி நேரம் போனால் 0.036 வோல்ட் இறங்க வேண்டும். ராத்திரி பன்னிரண்டு மணி நேரத்துக்கு 0.43. மாலை ஆறு மணிக்கு 5.0 என்று குறித்துவிட்டு, பேனலைக் கழற்றி வைத்துவிட்டுத் தூங்கப் போனேன். காலை ஆறு மணிக்கு 2.8.

என் கணக்கில் சேராத யாரோ உட்கார்ந்து தின்கிறார்கள். தேடினால், நானே வைத்தவர்கள். இரண்டு கன்டென்சரை வரிசையில் இணைத்தால் ஒன்று முந்தி நிரம்பி 2.7ஐத் தாண்டிவிடும் அபாயம் உண்டு. அதைச் சமன் செய்ய ஒவ்வொன்றின் குறுக்கேயும் 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் வைத்திருந்தேன். எல்லாரும் செய்வது. 5 வோல்ட்டில் அந்த ஜோடி எடுப்பது 2.5 மில்லி ஆம்பியர். போர்டைப் போல ஐந்து மடங்கு. காவலுக்கு வைத்த ஆளின் சாப்பாட்டுச் செலவு வீட்டுச் செலவைத் தாண்டியிருந்தது. பிப்ரவரி வெயிலில் 180 மில்லி ஆம்பியர் கொட்டியதால் அது கண்ணில் படவில்லை. மூடுபனி நாளில் எட்டு மணி நேரம் 8 மில்லி ஆம்பியர் வந்தால் 230 கூலம்ப் சேரும். ரெசிஸ்டர்களும் போர்டும் சேர்ந்து நாளெல்லாம் கேட்பது 259. தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கடனில் மூழ்கியிருக்கிறது. ரெசிஸ்டர்களை எடுத்துவிட்டு, ஒரு செல் 2.6 வோல்ட்டைத் தாண்டினால் மட்டும் திறக்கும் காவல் சர்க்யூட் வைத்தேன். மொத்த உச்சத்தையும் 4.8க்குக் குறைத்தேன். வோல்டேஜைக் கொஞ்சம் குறைத்து ஓட்டினால் கன்டென்சரின் ஆயுளும் நன்றாகக் கூடும்.

இந்த முறை இதோடு நிறுத்தவில்லை. ஏன் காலியாயிற்று என்பதற்குப் பதில் கிடைத்துவிட்டது. ஆனால் காலியானது ஏன் மறுபடி ஏறவில்லை? இந்தக் கேள்வி அப்படியே இருந்தது. 1.08ல் அந்த ரெசிஸ்டர்கள் தின்பது அரை மில்லி ஆம்பியர்தான். வந்தது 8. மீதி ஏழரை எங்கே போயிற்று?

நோட்டைப் புரட்டும்போதுதான் உறைத்தது. பெஞ்ச் சப்ளையும் கோவை வெயிலும் பணக்காரர்கள். இந்தப் பெட்டி பட்டினியில் என்ன செய்கிறது என்று நான் பார்க்கவே இல்லை. பேனலுக்கு மேலே 100 வாட் குண்டு பல்பைத் தொங்கவிட்டேன். இதற்கு எல்.இ.டி. விளக்கு உதவாது. சிலிக்கான் செல் அகச்சிவப்பையும் சேர்த்துச் சாப்பிடும். அதைத் தருவது குண்டு பல்புதான். பிறகு பழைய வேட்டி ஒன்றை எடுத்து மடித்துப் பேனல் மேல் போர்த்தினேன். ஷார்ட் கரண்ட் சரியாக 8 மில்லி ஆம்பியர் வரும்வரை ஒவ்வொரு மடிப்பாகச் சேர்த்தேன். வால்பாறையின் ஆகஸ்ட் மதியம் என் மேஜை மேல் வந்துவிட்டது. கன்டென்சரை முழுக்கக் காலி செய்து இணைத்தேன். மணி பத்து.

ஒன்றரை மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. 0.2, 0.5, 0.8 என்று ஒழுங்காக ஏறிக்கொண்டிருந்தது. பதினொன்றரை தாண்டி 0.9 வந்ததும் எல்.இ.டி. ஒருமுறை மின்னியது. இரண்டு விநாடி கழித்து இன்னொருமுறை. பிறகு நிற்கவே இல்லை. வோல்டேஜ் 1.1க்கு அருகே போய் நின்றுகொண்டது.

போனை எடுத்து வாட்ச்மேனைக் கூப்பிட்டேன்.

“அய்யா, பெட்டி கண்ணைச் சிமிட்டுதுன்னு சொன்னீங்களே, எவ்வளவு நேரத்துக்கு ஒருக்கா?”

“சும்மா சும்மா சிமிட்டும் சார். மின்மினிப் பூச்சி மாதிரி.”

“ராத்திரியிலயுமா?”

“ராத்திரி இல்லீங்க. விடிஞ்சு வெளிச்சம் வந்தாத்தான்.”

15 நிமிஷத்துக்கு ஒருமுறை, ராப்பகலாக மின்ன வேண்டிய விளக்கு அது. ஆபீஸ் முற்றத்தில் நின்று அவர் எனக்குப் பழுதின் பெயரையே சொல்லியிருக்கிறார். நான் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தத் தப்பை இன்றும் மறக்கவில்லை. இப்போதெல்லாம் பெட்டியைத் திறக்கும் முன்பு அந்த இடத்தில் தினமும் நடமாடுகிற ஆளிடம்தான் முதலில் பேசுகிறேன். என்ன பழுது என்று கேட்பதில்லை, என்ன பார்த்தீர்கள் என்று கேட்கிறேன்.

நடந்தது இதுதான். கன்டென்சருக்கும் போர்டுக்கும் நடுவே ஒரு கன்வெர்ட்டர் இருக்கிறது. வோல்டேஜ் ஏறினாலும் இறங்கினாலும் போர்டுக்கு 3.3 வோல்ட் கொடுப்பது அதன் வேலை. 0.9 வோல்ட்டிலேயே எழுந்துவிடும் கன்வெர்ட்டரைத் தேடி வாங்கியிருந்தேன், கடைசிச் சொட்டுவரை உறிஞ்சலாம் என்ற ஆசையில். கன்டென்சர் 0.9ஐத் தொட்டதும் அது எழுந்தது, போர்டை எழுப்பியது. போர்டு எழுந்ததும் முதல் வேலையாக ரேடியோவை எழுப்பியது. ரேடியோ ஒரு மடக்கு கரண்ட் கேட்டது. உள்ளே 1 வோல்ட் மட்டும் இருக்கும்போது வெளியே 3.3 தர வேண்டுமானால் கன்டென்சர் பக்கம் மூன்று மடங்குக்கு மேல் இழுக்க வேண்டும். அவ்வளவு இழுக்க அந்த கன்வெர்ட்டருக்குத் தெம்பில்லை. 3.3 சரிந்தது, போர்டு ரீசெட் ஆனது, மறுபடி எழுந்தது, மறுபடி ரேடியோ. தூங்குகிற கட்டத்துக்கு அது போகவே இல்லை. விழித்திருக்கும் போர்டு தின்பது பதினைந்து மில்லி ஆம்பியர் வரை. வந்த எட்டையும் அது அங்கேயே தீர்த்துக்கொண்டிருந்தது. வெளிச்சம் போனால் 0.9க்குக் கீழே போய்ப் படுத்துவிடும், காலையில் திரும்பவும் அதே கதை. வெயில் அடித்து 180 வந்தால் அந்தக் கட்டத்தை ஒரே தாவலாகத் தாவிவிடும். மூடுபனியில் தாவ முடியாது.

பேட்டரியில் ஓடும் சர்க்யூட்டுக்கு இந்த அனுபவமே வராது. பேட்டரியை மாட்டியதும் முழு வோல்டேஜ் ஒரே நொடியில் வந்துவிடும். சூப்பர் கெபாசிட்டரில் மட்டும்தான் ஒரு போர்டு 0 முதல் 3 வோல்ட் வரை மணிக்கணக்கில் நடந்து வர வேண்டியிருக்கிறது. அந்த வழியில் சாதாரண சிப்கள் பழகியதில்லை.

மருந்து சுலபம். நிரம்பும்வரை போர்டின் கண்ணில் கன்டென்சரைக் காட்டவே கூடாது. நடுவில் ஒரு மாஸ்ஃபெட் சுவிட்ச். அதைத் திறந்து மூட, வோல்டேஜை ஒப்பிட்டுப் பார்க்கும் ஒரு கம்பாரேட்டர். 4 வோல்ட் வந்தால்தான் இணைக்க வேண்டும், 2.5க்கு இறங்கினால் துண்டிக்க வேண்டும். இரண்டும் ஒரே எண்ணாக இருந்தால் விளிம்பில் நின்று தடதடக்கும். 4க்கும் 2.5க்கும் நடுவே 75 கூலம்ப். ஒருமுறை எழுந்தால் வெளிச்சமே இல்லாமல் 41 மணி நேரம் ஓடும். வேட்டிக்கடியில் வைத்துப் பார்த்தேன். ஏழு மணி நேரம் சத்தமில்லாமல் ஏறி, 4ஐத் தொட்டு, ஒருமுறை மின்னி, அனுப்பி, தூங்கிவிட்டது. என் தொழிலில் அதுபோல நிம்மதியான ஒரு சாயங்காலம் சில தடவைதான் வாய்த்திருக்கிறது.

செப்டம்பர் கடைசியில் மாட்டினோம். அக்டோபர் நடுவில் போன் வந்தது. இந்த முறை வாட்ச்மேன் தெளிவாகச் சொன்னார்: “மூணு நாளா ஒரு தடவைகூட சிமிட்டல சார். ராத்திரியும் உக்காந்து பார்த்தேன்.”

போனால் கன்டென்சரில் 4.8 வோல்ட். நிறைந்து வழிகிறது. சுவிட்ச் மட்டும் திறக்கவில்லை. பெட்டியைத் திறந்து போட்டுச் சற்று நேரம் வெயில் பட்டதும் தானாக இணைந்துகொண்டது. கோவைக்கு இறக்கிக்கொண்டு வந்தால் ஒரு வாரம் ஒழுங்காக ஓடியது. மலையில் வருகிற பழுது சமவெளியில் வரவில்லை என்றால், காரணம் வெளிச்சமாக இருக்கும், அல்லது ஈரமாக இருக்கும். போர்டுக்குப் பக்கத்தில் வாயை வைத்து, கண்ணாடி துடைக்க ஊதுவது போல, சூடான மூச்சை நீளமாக ஊதினேன். சுவிட்ச் துண்டித்துக்கொண்டது. துடைத்தேன், இணைந்தது. மறுபடி ஊதினேன், துண்டித்தது. பழைய டி.வி.க்களில் ஹை வோல்டேஜ் பகுதியில் ஈரம் தேட நாங்கள் செய்யும் சோதனை இது, ஒரு பைசாச் செலவுகூட இல்லை.

கம்பாரேட்டருக்கு வோல்டேஜைப் பங்கிட்டுக் கொடுக்க 10 மெகா ஓம் ரெசிஸ்டர்களை வைத்திருந்தேன். பைசாக் கணக்குப் பார்க்கும் ஆர்வத்தில் அரை மைக்ரோ ஆம்பியரைக்கூட மிச்சம் பிடிக்க நினைத்தேன். அவ்வளவு பெரிய ரெசிஸ்டருக்கு, போர்டில் ஒட்டியிருக்கும் ஃபிளக்ஸ் பிசின் ஈரத்தைக் குடித்து உண்டாக்கும் மெல்லிய படலமே இன்னொரு ரெசிஸ்டராகக் குறுக்கே வந்துவிடுகிறது. தரைப் பக்கம் இருக்கும் ரெசிஸ்டர் சின்னதாகிவிட்டது போல ஆகி, 4 வோல்ட்டில் திறக்க வேண்டியது 5க்கு மேல் போய்விட்டது. 5 வரவே வராது. 1 மெகா ஓமாக மாற்றினேன். கூடுதலாகப் போவது இரண்டு மைக்ரோ ஆம்பியர், கொடுத்துத் தொலைக்கலாம். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் பல் துலக்கும் பிரஷ்ஷால் போர்டை இரண்டு முறை கழுவி, குண்டு பல்புக்கடியில் காயவைத்து, வார்னிஷ் இரண்டு பூச்சு கொடுத்தேன். காய்ந்த பின் ஊதினேன். பத்து தடவை ஊதினேன். சுவிட்ச் அசையவில்லை.

2022 மழைக்காலம் முழுவதையும் அந்தப் பெட்டி பார்த்துவிட்டது. இரண்டு தடவை 2.5க்கு இறங்கித் தன்னைத் துண்டித்துக்கொண்டது. ஒருமுறை ஒன்றரை நாள், இன்னொருமுறை ஏறக்குறைய ஒரு நாள் கணக்கு இல்லை. இரண்டு தடவையும் யாரும் தொடாமல் தானே எழுந்தது. விட்டுப்போன நாள்களின் மழையை ஆபீஸ் முற்றத்துக் கண்ணாடி அளவையிலிருந்து வாட்ச்மேன் நோட்டில் எழுதி வைத்திருந்தார். ஆய்வாளர் அதைச் சேர்த்துக்கொண்டார். அதே கட்டமைப்பில் இதுவரை இன்னும் மூன்று பெட்டி செய்திருக்கிறேன். ஒவ்வொன்றும் வேட்டிக்கடியில் ஒரு முழுப் பகல் படுத்து எழுந்த பிறகுதான் மலையேறியது.

இப்போது கவலை பேனலைப் பற்றித்தான். மேலே பூசிய எபாக்சி மஞ்சளாகிக்கொண்டு வருகிறது. போன ஜனவரியில் நல்ல வெயிலில் அளந்தேன். முதலில் 180 தந்தது 140தான் தந்தது. கண்ணாடி பதித்த சின்னப் பேனல் இரண்டு வாங்கி வைத்திருக்கிறேன், எடை கூடுதல் என்பதால் தாங்கியை இரும்பில் மாற்ற வேண்டும். வெல்டிங்குக்குக் கொடுத்திருக்கிறேன். மே முடிவதற்குள் வந்துவிட்டால் மழைக்கு முன்னால் மாட்டிவிடலாம்.